திருகாணியோடு கிடைத்த தோடு

தோடு திருகாணியோடு கிடைத்தது. அதைப் பார்த்ததும் திருமாறன் ஈரமணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

புயல் ஓய்ந்து கடல் இறங்கியிருந்தது. சாவடிக்குப்பம் கரையின் மேல்மணலை வழித்துக்கொண்டு போயிருந்தது. இப்படி மணல் குறையும்போதுதான் அடியில் கிடக்கும் கனமான பொருள்கள் கைக்கு எட்டும். காலையிலிருந்து காதில் உலோகம் தேடும் டிடெக்டரின் ஓசையோடு நடந்துகொண்டிருந்தான். பாட்டில் மூடிக்கு அது கீச்சென்று கத்தும். இரும்பு ஆணிக்கு உறுமும். சின்னத் தங்கத்துக்கு மட்டும் தயங்கித் தயங்கி முனகும். பழகாத காது அதை உப்புத்தண்ணீரின் இரைச்சல் என்று ஒதுக்கிவிடும்.

வழக்கமாக அவன் அதிக நேரம் தேடுவது, பெண்கள் குளித்துவிட்டு வந்து சேலை பிழியும் இடத்தில். கழற்றிய நகையை முந்தானையில் முடிந்துகொண்டு அலையில் இறங்குவார்கள். பிழியும்போது பார்த்தால் முடிச்சு இருக்காது. இன்று முனகல் வந்தது அங்கே இல்லை. அலை ஏறி இறங்கும் சரிவில்.

சல்லடைக் கரண்டியால் அள்ளி அலசினான். கிளிஞ்சல், தூண்டில் முள், பிறகு தாமரை மொட்டு போல ஒரு தோடு. தண்டில் திருகாணி இறுக்கமாகப் பூட்டியிருந்தது. திருகாணியின் விளிம்பில் குறடு பட்ட தழும்பு.

தழும்பைப் போட்டவன் அவன்தான். கல்யாணமான புதிதில் எழிலரசியின் காதில் அது இறுகிக்கொண்டு வரமாட்டேன் என்றது. எண்ணெய் விட்டுப் பார்த்தான், சோப்பு போட்டுப் பார்த்தான். கடைசியில் குறடு எடுத்தான். "தோடு போனாப் போவுது, காதை விட்டுடு" என்று கத்திக்கொண்டே சிரித்தாள்.

நான்கு வருஷத்துக்கு முன் இதே கரையில், அலை அடித்ததில் ஒரு தோடு போய்விட்டது என்று அவள் சொன்னாள். அடுத்த வருஷம் அவளே போய்விட்டாள்.

அலை பறித்த தோடு எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். திருகாணி தளர்ந்து விழுந்தபிறகுதான் தோடு காதைவிட்டு வரும். கரையில் கிடைப்பவை அதனால் மொட்டையாகத்தான் கிடைக்கும். திருகாணி பூட்டிய தோடு என்றால், ஒருத்தி அதைக் காதிலிருந்து கழற்றியிருக்கிறாள். கழற்றிய கையோடு, திருகாணி தொலைந்துவிடப் போகிறதே என்று பழக்கத்தில் திரும்பப் பூட்டியிருக்கிறாள். அதன்பிறகு எறிந்திருக்கிறாள். கடலில் எறியப்போகிற தோட்டுக்கும் திருகாணியைப் பூட்டிவிட்டுத்தான் இவர்கள் எறிவார்கள். எத்தனையோ பெண்கள் அப்படிச் செய்து அவன் பார்த்தாயிற்று.

அவன் வேலை பார்க்கும், தொலைந்த நகைகளை மீட்டுத் தரும் மீட்பு நிலையத்தில் இதற்கென்றே இரண்டு தட்டுகள் வைத்திருந்தார்கள். ஒன்று தவறியவை. இன்னொன்று எறிந்தவை. இப்போதெல்லாம் இரண்டாவதுதான் முதலில் நிறைகிறது.

எல்லாம் ஜாதகப் பெட்டி வந்தபிறகு.

அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் நீளமானது. ஜனங்களுக்கு அது ஜாதகப் பெட்டி, அது தருவது ஜாதகம். உடம்பில் போட்ட நகையின் இடுக்குகளில், பற்றவைத்த இடத்தின் நுண்துளைகளில், வேர்வையும் எண்ணெய்ப் பசையும் ஏடு ஏடாகப் படிந்திருக்கும். வெளியே எவ்வளவு தேய்த்தாலும் உள்ளே இருப்பது போகாது. கடலில் கிடந்தாலும் போகாது. பெட்டி அந்த ஏடுகளை ஒவ்வொன்றாகப் படிக்கும். அணிந்தது யார், யாருக்கு உறவு, என்ன வியாதி, என்ன மருந்து, கருவுற்றிருந்தாளா, எந்த மாதங்களில் பயந்து கிடந்தாள், இடையில் வேறு யார் அணிந்தார்கள்.

தொலைந்த நகையை உரியவரிடம் சேர்க்கத்தான் அது வந்தது. சேர்த்துக்கொண்டும் இருந்தது. பிறகு அடகுக் கடைக்காரர்கள் ஆளுக்கொன்று வாங்கினார்கள். பெண்ணின் ஜாதகம் கேட்ட மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுடைய வளையலின் ஜாதகமும் கேட்டார்கள். பழைய நகையைப் பெட்டியில் போட்டுப் பார்க்காமல் உருக்கக்கூடாது என்று சட்டம் வந்தது. அதோடு, நகை வாய் திறந்தால் ஆபத்து என்று யாரெல்லாம் பயந்தார்களோ அவர்களுடைய தங்கமெல்லாம் கடலுக்கு வந்துவிட்டது. கடல் அதைத் திருமாறனிடம் கொடுத்தது. திருமாறன் நிலையத்தில் கொடுத்தான். நிலையம் படித்துவிட்டு வீட்டுக்குத் தகவல் அனுப்பியது. போன கோடையில் அப்படி ஒரு வளையல் திட்டச்சேரிப் பக்கம் ஒரு வீட்டுக்குத் திரும்பிப் போனது. அந்த வீட்டு மருமகள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

வேதியியல் படித்தவன் திருமாறன். பெட்டியைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ அவன் எதுவும் சொன்னதில்லை. எழில் போனபிறகு அவன் எதைப் பற்றியும் அதிகம் சொல்வதில்லை.

தோட்டைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு எழுந்தான்.

நிலையத்தில் ஷமீமா ஒரு தம்பதியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஷமீமா நாகூர்க்காரி. திருமாறனைவிட ஐந்தாறு வயது மூத்தவள். பெட்டி அவள் பொறுப்பு.

"மோதிரம் கெடச்சிருச்சுல்ல, வாங்கிட்டுக் கெளம்புங்க" என்றாள்.

"ஜாதகத்தையும் குடுங்க மேடம்" என்றார் கணவர்.

"போட்டிருந்தவங்க கேட்டாத்தான் குடுப்போம். அம்மா, உங்களுக்கு வேணுமா?"

"எனக்கு எதுக்கு? நான் என்ன செஞ்சேன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள் மனைவி, மோதிரத்தை விரலில் போட்டுக்கொண்டே.

"மறைக்க ஒண்ணுமில்லன்னா வாங்க வேண்டியதுதானே?" என்றார் அவர்.

"வாங்குறேன். நீ போன வருஷம் கைச்செயினை எங்க தொலைச்சேன்னு முதல்ல சொல்லு. அதையும் இந்தத் தம்பி தோண்டி எடுக்கட்டும். ரெண்டையும் சேத்துப் படிப்போம், ஊரைக் கூட்டி."

கணவர் திருமாறனைப் பார்த்தார். பிறகு வெயில் ஏறிவிட்டது என்று சொல்லிக்கொண்டு வெளியே போனார். அந்த அம்மாள் ஷமீமாவைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுப் பின்னால் போனாள்.

ஷமீமா சிரித்தபடி திரும்பினாள். "என்ன திரு, புயல் ஏதாச்சும் குடுத்துச்சா?"

அவன் கைக்குட்டையைப் பிரித்து, தோட்டை எறிந்தவைத் தட்டில் வைத்தான்.

ஷமீமா குனிந்து பார்த்தாள். அவள் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது.

"இதைப் படிக்க வேணாம்" என்றாள்.

"ஏன்க்கா?"

"அவளே வேணாம்னு போட்டது. விட்டுடேன்."

"யாரோடதுன்னு நான் சொல்லலியே."

மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஷமீமா தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். அவன் அவள் கையைத் தள்ளவில்லை. தோட்டை மட்டும் இரண்டு விரலால் எடுத்தான். பெட்டியின் மூடியைத் திறந்து உள்ளே வைத்து மூடினான். அவளுடைய வேலையை அவன் ஒருநாளும் செய்ததில்லை. எப்படிச் செய்வது என்று தெரியும்.

"திரு, அது படிச்சா அவங்க அப்பாவுக்குத் தானா தகவல் போயிரும். நிறுத்த முடியாது."

"போகட்டும்."

பெட்டி வழக்கம்போல அவசரப்படாமல் படித்தது. திரையில் எழிலரசியின் பெயர் வந்தது. உயிரோடு இருக்கும் ரத்த உறவு, தந்தை கலியபெருமாள், மயிலாடுதுறை. பிறகு ஏடுகள். முதல் வருஷம், இரண்டாம் வருஷம், சளி மாத்திரை, தைலம், சாதாரணமான ஒரு பெண்ணின் சாதாரண நாட்கள். மேல் ஏடுகளில் மட்டும் சிவப்பாக ஒரு கோடு எழும்பியிருந்தது. கணையப் புற்று. அது என்ன கோடு என்று அவனுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட கேள்வி காதில் அப்படியே இருந்தது. இவ்வளவு முத்துற வரைக்கும் வீட்டுல யாருமே கவனிக்கலையா?

அதையே மாமனார் சாவு வீட்டில் எல்லோர் முன்னாலும் கேட்டார். ஒரே வீட்டுல இருந்தவனுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? அன்றைக்குப் பிறகு அவர் அவனை மாப்பிள்ளை என்று கூப்பிடுவதில்லை. கவனிக்காதவன் என்பதை ஒத்துக்கொண்டு மூன்று வருஷம் நடந்தான்.

"எப்ப தெரியும் உங்களுக்கு?" என்றான்.

ஷமீமா நாற்காலியில் உட்கார்ந்தாள். "பெட்டி புதுசா வந்தப்ப, சரி பார்க்க நம்ம வீட்டு நகைங்கதான் வேணும்னு கேட்டோம்ல. யாரு போட்டதுன்னு நல்லாத் தெரிஞ்ச நகையா இருக்கணும்னு. நீ வீட்டுல சொல்லியிருக்க. நீ கரையில இருந்த நேரம் அவளே கொண்டு வந்தா."

"தெரியும். அக்கா டீ வாங்கிக் குடுத்தாங்கன்னு வந்து சொன்னா."

"டீ குடிச்சிட்டேதான் போட்டுப் பார்த்தோம். விளையாட்டா. என்னைப் பத்தி என்ன சொல்லுது உங்க பெட்டின்னு கேட்டுக்கிட்டே எட்டிப் பார்த்தா. சிவப்புக் கோடு வந்துச்சு. பெட்டி புதுசு, தப்பாக் காட்டுதுன்னு நான் சொன்னேன். ஆனா டாக்டர்கிட்ட போயிட்டு வரச் சொன்னேன் திரு. நானே கூடப் போனேன்."

"நீங்க கூடப் போனீங்க."

"ஆமா."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"அறுத்துட்டு மருந்து ஏத்துனா, பத்துப் பேர்ல ரெண்டு பேர் தப்பிக்கலாம்னாரு. அவ வெளிய வந்து கடலை வாங்கித் தின்னா. வேணாம்க்கான்னா."

"ரெண்டு பேர்" என்றான் திருமாறன். "அவ அந்த ரெண்டு பேர்ல ஒருத்தியா இருந்திருந்தா?"

"நான் கேக்காம இருப்பேனா? அவளோட சண்டையே போட்டேன்."

"எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

ஷமீமா தரையைப் பார்த்துப் பேசினாள். "உங்கம்மாவை நீ பார்த்துக்கிட்டதை அவ பார்த்திருக்கா. கடைசி ஒரு வருஷம் உங்கம்மாகிட்ட நீ மாத்திரையைப் பத்தியும் டிரிப்ஸைப் பத்தியும் தவிர வேற பேசவே இல்லையாம். அவங்க ஏதோ பழைய கதை சொல்ல வந்தா, காய்ச்சல் எவ்வளவு இருக்குன்னு பார்ப்பியாம். அவர் நல்லவர்க்கா, ஆனா வியாதி தெரிஞ்சா ஆளு மறைஞ்சிரும் அவருக்கு. எனக்கு ஒரு வருஷம் ஆளா இருந்துட்டுப் போகணும். இதான் அவ சொன்னது. வார்த்தை மாறாம."

திருமாறன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த ஒரு வருஷம் அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. அதை வைத்துத்தான் அவள் போனபிறகு மூன்று வருஷத்தை ஓட்டினான். ஞாயிறு தவறாமல் கடற்கரைக்குப் போக வேண்டும் என்று திடீரென்று பிடிவாதம் பிடித்தாள். வேலையே கடல், லீவு நாளிலுமா என்று அவன் அலுத்துக்கொள்வான். மிளகாய்ப் பொடி தூவிய மாங்காயைக் கையில் கொடுத்து வாயை அடைப்பாள். ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். பாட்டு என்ற பெயரில் எதையோ சமையலறையில் சத்தமாகப் பாடினாள். ஒரு மழை நாளில் வேலைக்குப் போகாதே என்று சட்டையை ஒளித்து வைத்தாள். கல்யாணம் இப்போதுதான் பழகுகிறது, இனிமேல் இப்படித்தான் இருக்கும் என்று அவன் நினைத்தான். அவள் அப்படி நினைத்திருக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அவள் எதையோ கழித்துக்கொண்டே வந்திருக்கிறாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து மாங்காய் தின்றிருக்கிறான்.

"தோட்டை எறியச் சொன்னது?"

"நான்தான்" என்றாள் ஷமீமா. "முதல் தடவை வந்ததை அழிச்சிட்டேன். ஆனா சரி பார்க்கிற நகையெல்லாம் மறுபடி படிக்கணும்னு மேலேருந்து உத்தரவு வந்துச்சு. என்ன வந்துச்சுன்னு நீயும் கேப்ப. கல்யாணத் தோடு. சும்மா மாத்தணும்னா நீ ஏன்னு கேப்ப. ஒண்ணு தொலைஞ்சாத்தான் இன்னொண்ணைக் கடையில போட்டு மாத்த முடியும். ஒத்தைத் தோட்டை வச்சிக்கிட்டு என்ன பண்றதுன்னு யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. அப்ப உருக்குறதுக்குச் சட்டமெல்லாம் இல்லை."

"நல்லா யோசிச்சிருக்கீங்க."

"திரு..."

"நான் அன்னிக்கு இருட்டுற வரைக்கும் கையால மணலைத் தோண்டினேன்க்கா. அவ பக்கத்துல உக்காந்து, போதும் வா வான்னு கூப்பிட்டா. எனக்கு வருத்தமா இருக்கும்னு பார்க்கிறாளேன்னு நினைச்சேன்."

அவள் கண்ணைத் துடைத்தாள். அவனுக்கு அதைப் பார்க்க எரிச்சலாக இருந்தது.

"அவ போனபிறகாவது சொல்லியிருக்கலாம்" என்றான். "சாவு வீட்டுல மாமா என்னைக் கேட்டாரே. நீங்க எம் பக்கத்துலதான் நின்னீங்க. எந் தோளைப் பிடிச்சிக்கிட்டு நின்னீங்க."

"சத்தியம் வாங்கிட்டா."

"மூணு வருஷமா தினமும் எனக்கு டீ வாங்கிக் குடுத்தீங்க."

அவன் பெட்டியைத் திறந்து தோட்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே போனான். அன்று மதியம்வரை கரையில் நடந்தான். கருவியை அவன் முடுக்கவே இல்லை.

மறுநாள் காலை கலியபெருமாள் வந்துவிட்டார். மயிலாடுதுறையில் முதல் பஸ் ஏறியிருக்க வேண்டும். பால் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மனிதர். வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையவில்லை. கையில் மஞ்சள் பை.

"தகவல் வந்துச்சு" என்றார். உட்காரச் சொன்னதைக் கவனிக்காமல் நின்றார். "எம் பொண்ணு தோடு கெடைச்சிருக்காம்."

திருமாறன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அவர் அதை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஜாதகம் என்ன சொல்லுது?"

"வியாதி அப்பவே இருந்திருக்கு மாமா."

"எப்பவே?"

"அவ போறதுக்கு ஒரு வருஷத்துக்கு முன்னாடியே."

அவர் தலையாட்டினார். எதிர்பார்த்து வந்த பதில்தான் என்பது தெரிந்தது. "ஒரு வருஷம். ஒரு வருஷம் அது அவளைத் தின்னுருக்கு. நீ பாத்துக்கிட்டு இருந்திருக்க." பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே ரோஸ் காகிதத்தில் ஒரு ஜோடித் தோடு. தொலைந்ததற்குப் பதிலாக வாங்கியது. எழில் கடைசிவரை காதில் போட்டிருந்தது. பிள்ளையில்லாமல் செத்துப்போன பெண்ணின் நகை பிறந்த வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்று காரியம் முடிந்த அன்றே உறவுக்காரர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். அவன் தடுக்கவில்லை.

"இதையும் போட்டுப் பாரு" என்றார் கலியபெருமாள். "கடைசி வருஷம் முழுக்க இதுல இருக்கும்ல? எவ்வளவு வலி இருந்துச்சு, எத்தனை நாள் அழுதா, எல்லாம் வரும்ல? எனக்குத் தெரியணும். உனக்கும் தெரியணும்."

"அய்யா, வேணாம்" என்றாள் ஷமீமா.

"நீ யாரும்மா வேணாங்கிறதுக்கு?"

திருமாறன் டப்பாவைக் கையில் எடுத்தான். அவனுக்கும் தெரிய வேண்டியிருந்தது. அந்த மழை நாளில் அவள் பயந்திருந்தாளா. சமையலறையில் பாடும்போது வலித்ததா. ஒரு ஞாயிறாவது அவள் மறந்துபோய்ச் சும்மா சந்தோஷமாக இருந்தாளா. அது ஒன்று தெரிந்தால் போதும் என்று தோன்றியது. ஒரு தோட்டைப் பெட்டியில் வைத்து மூடினான்.

பெட்டி நெடுநேரம் படித்தது. ஏடு ஒன்றும் வரவில்லை. கடைசியில் ஒரே ஒரு வரி வந்தது. அணிந்தவர் எவரும் இல்லை.

இரண்டாவது தோட்டை வைத்தான். அதே வரி.

"என்ன போட்டிருக்கு?" என்றார் மாமனார்.

திருமாறன் தோட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினான். தண்டும் திருகாணியும் கண்ணாடி மாதிரிப் பளபளத்தன. நகத்தால் சுரண்டினான். மெல்லிய தோல் போல ஒன்று உரிந்து வந்தது. நிறமில்லாத நகப்பூச்சு. நகை ஒத்துக்கொள்ளாமல் காது அரிக்கிறவர்கள் பூசிக்கொள்வது. அந்த வருஷம் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் அடிக்கடி அதைப் பூசுவாள். வீடு முழுக்க வாடை பரவும். நகத்துல கலரே தெரியலியே, எதுக்கு இதைப் பூசுற என்று ஒருமுறை கேட்டான். உனக்குத் தெரியாது, போ என்றாள். அந்த வாடை அவனுக்குப் பிடித்திருந்தது.

திரும்பி ஷமீமாவைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாட்டில் யார் வாங்கிக் கொடுத்தது என்று அவன் கேட்கவில்லை.

"யாரும் போடலைன்னு சொல்லுது மாமா."

"அதெப்படி? பொட்டி கெட்டுப்போச்சா? இதைப் போட்டுக்கிட்டுத் தீபாவளிக்கு வந்தாளே. பாத்தேனே."

"பெட்டி சரியாத்தான் இருக்கு. இதுல ஒண்ணும் ஏறக்கூடாதுன்னு அவ பூச்சு பூசியிருக்கா. யாரும் படிக்கக்கூடாதுன்னு."

கலியபெருமாள் அதை மனசுக்குள் வாங்கிக்கொள்ள நேரம் பிடித்தது. நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

"அப்ப அவளுக்குத் தெரிஞ்சிருக்கு."

"ஆமா."

"தெரிஞ்சா எங்கிட்ட சொல்லாம இருக்கமாட்டா" என்றார். "கால்ல முள் குத்துனாக்கூட தெருமுனையிலேருந்து அப்பான்னு கத்திக்கிட்டே வருவா. பரீட்சையில ஃபெயிலானதை அவ ஆத்தாவுக்கு முன்னாடி எங்கிட்டதான் சொன்னா. எங்கிட்ட மறைக்க மாட்டா." அவர் நிமிர்ந்தார். கண்கள் திருமாறன்மேல் நின்றன. "நீதான் சொல்ல விடலை."

"மாமா..."

"அவ உங்கிட்ட சொல்லியிருக்கா. புருஷன்கிட்ட சொல்லாம வேற யாருகிட்ட சொல்லுவா? நீதான் வைத்தியம் வேணாம், அப்பாகிட்ட சொல்லாதேன்னு அமுக்கி வச்சிருக்க. கவனிக்கலைன்னு இத்தனை நாளு நெனைச்சேன். நீ கவனிச்சிக்கிட்டே இருந்திருக்க." குரல் உடைந்தது. "சொல்லுப்பா. உங்கிட்ட சொன்னாளா இல்லியா?"

"அய்யா, அவருக்கு ஒண்ணும் தெரியாது" என்று ஷமீமா எழுந்தாள். "அவ சொன்னது..."

"அக்கா" என்றான் திருமாறன். "நீங்க சும்மா இருங்க."

ஷமீமா நின்றுவிட்டாள்.

அவன் நாற்காலியை இழுத்து மாமனாருக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தான். அந்த மனிதர் அடிக்கக் கை ஓங்குவார்போல இருந்தது. ஓங்கினாலும் பரவாயில்லை. புருஷனிடம் சொல்லாமல் யாரிடம் சொல்லுவாள் என்று அவர் கேட்டது அவன் காதிலேயே நின்றது. அவள் அவனிடம்தான் சொல்லியிருப்பாள் என்று நம்ப உலகத்தில் இவர் ஒருத்தர்தான் மிச்சம்.

"சொன்னா மாமா" என்றான். "எங்கிட்டதான் முதல்ல சொன்னா."

கலியபெருமாள் மூச்சை இழுத்தார். கோபம் வரும் என்று திருமாறன் காத்திருந்தான். அவர் கேட்டது வேறு.

"எப்ப?"

"ஒரு ஞாயித்துக்கெழம. இந்தக் கரையிலதான். மாங்கா வாங்கிட்டு, கட்டுமரத்து நிழல்ல உக்காந்திருந்தோம்." ஆரம்பித்தபிறகு வார்த்தைகள் தானாக வந்தன. "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும், ஆனா நீ டாக்டர் மாதிரிப் பேசக்கூடாதுன்னா. பேச மாட்டேன்னு சொன்னேன்."

"என்னைப் பத்தி?"

"அப்பா தாங்க மாட்டாரு, அவர்கிட்ட நானே நேரம் பார்த்துச் சொல்றேன்னா. நேரம்தான் வரலை."

பெரியவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. ஷமீமா பெட்டியின் சுவிட்சை அணைத்தாள். மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து, திருமாறனை ஒருமுறை பார்த்தாள். அவன் அவள் பக்கம் திரும்பவில்லை. அவள் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனாள்.

"சொல்லும்போது அழுதாளா?" என்றார் கலியபெருமாள், துண்டுக்குள்ளிருந்து.

"இல்ல மாமா" என்றான் திருமாறன். "நான்தான் அழுதேன். அவ என் கையைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தா."